முந்துவது யார்? கேம் கன்சோல்களின் வெளியீட்டு நாளும் நம் கடைத்தெருவும்



இந்தக் கூட்டத்தில் வாணிபம் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பஞ்சு, நூல், பம்பு, கிரைண்டர் பற்றியெல்லாம் கோவையில் என்னைவிட விவரமாகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் வீட்டு உபயோகப் பொருள் விற்றவன். டிவி, மிக்சி, வாஷிங் மெஷின் என்று அடுக்கிய கடையில், கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் கொஞ்சம் கேம் கன்சோல்களும் இருக்கும். அவற்றால் நான் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் ஒரு புதுப் பொருளை எந்த நாளில் சந்தைக்கு இறக்குவது, எதிராளி இறக்கும் நாளைப் பார்த்து நம் நாளை மாற்றலாமா என்ற கேள்வியை அந்த அலமாரிதான் எனக்கு ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றி.

வெளியீட்டு நாள் மோதல் என்றால் நமக்கு உடனே சினிமாதான் நினைவுக்கு வரும். 2019 ஜனவரி 10 அன்று 'பேட்ட'யும் 'விஸ்வாச'மும் ஒன்றாக வந்தபோது, எந்தத் தியேட்டர் யாருக்கு என்பதுதான் கோவை ஏரியா விநியோகஸ்தர்களின் கவலை. சினிமாவில் மோதல் திரைக்கணக்கு. சில வாரங்களில் தீர்ந்துவிடும். கன்சோல் அப்படியல்ல. அந்தப் பெட்டி ஆறேழு வருடம் விற்க வேண்டியது. பெட்டியில் லாபம் சொற்பம், தொடக்கத்தில் பல பெட்டிகள் நஷ்டத்துக்கே விற்கப்பட்டிருக்கின்றன. பிறகு வாங்குகிற கேம்களில்தான் கம்பெனிக்குக் காசு. ஆகவே முதல் நாள் கூட்டம் எவ்வளவு என்பதைவிட, முதல் வருடம் அந்தப் பெட்டியில் போட்டு ஆட என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. இதை மறந்து எதிராளியின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடிபட்டார்கள் என்பது என் கட்சி.

முதலில் சேகா கம்பெனியின் கதை. கடைக்காரனாக இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆற்றாமை வரும். 1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் சேகா தன் 'சாட்டர்ன்' கன்சோலை வெளியிட்டது. பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று, அதுவரை இந்தத் தொழிலில் சொந்தப் பெட்டி இல்லாத சோனி தன் முதல் 'பிளேஸ்டேஷனை' அங்கே இறக்கியது. அடுத்தது அமெரிக்கா. சாட்டர்னுக்கு 1995 செப்டம்பர் 2, சனிக்கிழமை என்று நாள் குறித்து விளம்பரமும் ஆகிவிட்டது. பிளேஸ்டேஷன் அதற்கு ஒரு வாரம் கழித்து வருவதாக இருந்தது.

அந்த ஒரு வாரம் சேகாவின் ஜப்பான் தலைமைக்குப் போதவில்லை. 1995 மே 11 அன்று லாஸ் ஏஞ்சலீசில் முதல் இ3 கண்காட்சி. சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையேறி, சாட்டர்ன் செப்டம்பரில் வராது, இன்றே வந்துவிட்டது என்று அறிவித்தார். விலை 399 டாலர். சுமார் 30,000 பெட்டிகள் குறிப்பிட்ட சில கடைகளுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் தன் மேடையில் ஏறினார். '299' என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கைதட்டல் சோனிக்கு.

விலையில் தோற்றார்கள் என்றுதான் இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடைக்காரர்களின் கதை. சரக்கு கிடைத்தது நாலைந்து பெரிய கடைத்தொடர்களுக்கு மட்டும். மற்றவர்கள் செப்டம்பருக்காக அலமாரியை ஒழித்து, பணத்தை ஒதுக்கி வைத்திருந்தவர்கள். கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடைத்தொடர் சாட்டர்னையே விற்கமாட்டோம் என்று ஒதுக்கிவிட்டது. கேம் எழுதுகிறவர்களுக்கும் அதே கதி. செப்டம்பருக்கு முடிக்கத் திட்டமிட்டிருந்தார்கள், அவர்களுக்கும் தகவல் இல்லை. ஆக, பெட்டி மே மாதம் வந்தது. போட்டு ஆடுவதற்கான கேம்கள் மாதக்கணக்கில் வரவில்லை. நாலு மாதம் முந்தியவர்கள் அந்த நாலு மாதத்தில் விற்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கணக்கில் சாட்டர்ன் உலகம் முழுக்க ஒரு கோடியைத் தொடவில்லை. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரு தீபாவளிக்கு முன் புது மாடல் மிக்சியைப் பெரிய ஷோரூம்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, உங்களுக்குப் பொங்கலுக்கு என்றார்கள். பொங்கலுக்கு வந்தது. நான் அதை அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். வாடிக்கையாளர் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். நானாக ஒரு நாளும் சிபாரிசு செய்ததில்லை. கேபி டாய்ஸ்காரர்கள் செய்ததை நான் சத்தமில்லாமல் செய்தேன், அவ்வளவுதான்.

சேகா அடுத்த முறை நாளைச் சரியாகவே குறித்தது. 'டிரீம்காஸ்ட்' 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வந்தது. 9-9-99 என்பதே விளம்பரம். விலை 199 டாலர், கேம்களும் தயார். முதல் 24 மணி நேரத்தில் 2.25 லட்சம் பெட்டிகள் விற்றன. எதிராளி அமெரிக்கக் கடைகளுக்கு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அப்படியும் 2001 ஜனவரி 31 அன்று கன்சோல் தொழிலையே விடுவதாகச் சேகா அறிவித்தது.

ஏன்? எதிராளி வரவில்லையே தவிர, எதிராளியின் பேச்சு வந்துவிட்டது. 1999 மார்ச்சிலேயே சோனி 'பிளேஸ்டேஷன் 2' பற்றி அறிவித்துவிட்டது: டிவிடி படமும் ஓடும், பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் ஓடும். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பெனி டிரீம்காஸ்டுக்குக் கேம் செய்ய மறுத்தது. மக்கள் பணத்தைப் பையிலேயே வைத்துக் காத்திருந்தார்கள். 2000 அக்டோபர் 26 அன்று பிஎஸ்2 அமெரிக்காவுக்கு வந்தபோது சொன்ன பத்து லட்சம் பெட்டியில் பாதிதான் வந்தது. அதற்கும் காத்திருந்தார்களே தவிர, கையெட்டும் தூரத்தில் கிடந்த டிரீம்காஸ்டை எடுக்கவில்லை. இதை விளக்க நமக்குப் பேராசிரியர் யாரும் வேண்டாம். கடையில் விலையெல்லாம் பேசி முடித்து பில் போடும் நேரத்தில், "ஏனுங்க, அடுத்த வருசம் புதுசு ஒண்ணு வருதாமா? அப்பப் பொறுத்தே வாங்கிக்கறனுங்க" என்று எழுந்து போகிறவரைப் பார்க்காத கடைக்காரர் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டார். வராத பொருளுக்குத் தரம் குறைவு, விலை அதிகம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

முந்தினால் ஆதாயமே இல்லையா என்றால், உண்டு. மைக்ரோசாப்டின் 'எக்ஸ்பாக்ஸ் 360' 2005 நவம்பர் 22 அன்று வந்தது. 'பிளேஸ்டேஷன் 3' அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. ப்ளூ-ரே தட்டைப் படிக்கும் நீல லேசர் டயோடுக்குத் தட்டுப்பாடு. ஐரோப்பாவுக்கு 2007 மார்ச் வரை தள்ளிப்போனது. விலையும் 499, 599 டாலர் என்று எகிறி நின்றது. இடைப்பட்ட காலத்தில் மைக்ரோசாப்ட் ஆளும் கேமும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவசரமாக வந்த பெட்டி சூடேறிச் செத்தது. முன்பக்கம் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டி போச்சு என்று அர்த்தம். 2007 ஜூலையில் அந்தப் பழுதுகளுக்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, வாரண்டியை மூன்று வருடமாக நீட்டினார்கள். கடைசியில் இருவரும் எட்டுக் கோடிச் சொச்சத்தில், கிட்டத்தட்டச் சமமாகவே முடித்தார்கள். இந்த இருவர் சண்டைக்கு நடுவே, பிஎஸ்3 வந்து இரண்டே நாள் கழித்து 250 டாலருக்கு நிண்டெண்டோ கொண்டுவந்த 'வீ' பத்துக் கோடியைத் தாண்டியது. படத்தின் துல்லியத்தில் அது மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் நிற்காது. கையை வீசி ஆடலாம், பாட்டியும் ஆடலாம். யாருடைய தேதியைப் பார்த்தும் அது வரவில்லை.

அதே நிண்டெண்டோ அடுத்த முறை முந்தியது. 'வீ யூ' 2012 நவம்பரில், எதிராளிகளுக்கு ஒரு வருடம் முன்னால், கிறிஸ்துமஸ் வியாபாரத்தையும் குறிவைத்து வந்தது. விற்றது 1.36 கோடி, படுதோல்வி. அடுத்து 'ஸ்விட்ச்' வந்த நாளைப் பாருங்கள்: 2017 மார்ச் 3. கன்சோல் உலகில் மார்ச் மாதம் யாரும் சீந்தாத மாதம். ஆனால் அன்று 'செல்டா' கேம் தயாராக இருந்தது. அக்டோபரில் 'மாரியோ' வந்தது. பண்டிகைக் கூட்டம் கடைக்கு வந்தபோது பெட்டியும் இருந்தது, போட்டு ஆடப் பேர் பெற்ற கேம்களும் இருந்தன. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டி விற்றது. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே கணக்கே வேறு.

1995 ஏப்ரலில், சாட்டர்னை அவசரமாக இறக்கிய அந்த மே மாதத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், சேகா இந்தியாவுக்கு வந்தது. கூட்டாளி யார் தெரியுமா? மதுபான வியாபாரத்துக்குப் பேர்போன ஷா வாலஸ். இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்த காலம், அதைச் சமாளிக்கத்தான் அந்தக் கூட்டு. கொண்டுவந்த பெட்டி 'மெகா டிரைவ்'. ஜப்பானில் 1988இல் வந்தது. விலை 18,000 ரூபாய். அன்று அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கலர் டிவியே வீட்டுக்கு வரும். எதிராளி கம்பெனிகளின் போட்டி இங்கே பெரிதாக இல்லை, களம் ஏறக்குறையக் காலி. என்ன பயன்? பர்மா பஜார் சரக்காக வந்த பெயர் தெரியாத டிவி கேம் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு அது போதும்.

இதுதான் இந்தியச் சந்தையின் சூட்சுமம். இங்கே ஒரு கன்சோலுக்கு இன்னொரு கம்பெனியின் கன்சோல் எதிரியாக இருந்தது அபூர்வம். அதே கம்பெனியின் பழைய பெட்டி எதிரி. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சூட்கேசில் வந்த அதே புதுப் பெட்டி எதிரி. சிப் போட்ட பிஎஸ்2வும், அதில் ஓடும் காப்பி சிடியும் எதிரி. மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி ஆடவிட்ட கேம் பார்லர்கள் ஓடியதும் பெரும்பாலும் அந்தச் சிப்பின் தயவில்தான். எந்தத் தேதியில் வந்தாலும் இவர்களை முந்த முடியாது. இவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள்.

பிஎஸ்2 வைத்தே இதைச் சொல்லலாம். ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்த பெட்டி அது. மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் 360ஐ இந்தியாவில் 2006 செப்டம்பர் 25 அன்று வெளியிட்டது, அக்டோபரில் தீபாவளி. அழகான நாள். யுவராஜ் சிங், அக்ஷய் குமார் எல்லாம் விளம்பரத்துக்கு. சோனி 2007 ஏப்ரல் 27 அன்று பிஎஸ்3ஐ 39,990 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இரண்டையும் வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், பிஎஸ்2வை வாங்கிக்கொண்டு போனார்கள். சோனிக்கே இது புரிந்துதான் அதற்குப் பிறகும் பிஎஸ்2வுக்கு இந்தியக் கேம்களைச் செய்ய வைத்தது. 2009இல் ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்', கபடியும் கில்லி தாண்டாவும் கொண்ட 'தேசி அட்டா', 2010இல் 'ஸ்ட்ரீட் கிரிக்கெட்'. கேம் என்ற முறையில் இவை சுமார்தான் என்பது என் கருத்து; ஆனால் பத்து வயதான பெட்டிக்கு ஒரு நாட்டுக்கென்றே கேம் செய்தது சாதாரண விஷயமில்லை. 2013 ஜனவரியில் பிஎஸ்2 உற்பத்தி நின்றதாகச் செய்தி வந்தபோதும் அதைக் கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

அடுத்த சுற்றில் தேதிகள் இன்னும் வேடிக்கை. 'பிளேஸ்டேஷன் 4' அமெரிக்காவுக்கு வந்தது 2013 நவம்பர் 15. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 2. இந்தியாவுக்கு வந்ததோ 2014 ஜனவரி 6. 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' இந்தியாவுக்கு 2014 செப்டம்பர் 23 அன்று, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. மறுபடி மைக்ரோசாப்டுக்கு நல்ல நாள். ஆனால் அமேசானில் மட்டும்! எங்கள் கண்ணாடி அலமாரிகளில் ஏற்கெனவே எட்டு மாதமாகப் பிஎஸ்4 உட்கார்ந்திருந்தது. கடைக்கு வந்து எக்ஸ்பாக்ஸ் கேட்ட பையனுக்கு நாங்கள் எதை எடுத்துக் காட்டியிருப்போம் என்று நினைக்கிறீர்கள்? 1995 மே மாதத்துப் பாடத்தை யாரும் படிக்கவில்லை.

கொங்கு நாட்டில் பண்டிகைக்கு முன் வாரம் ஏன் முக்கியம் என்று வெளியூர்க் கம்பெனிகளுக்கு விளக்குவது கஷ்டம். மில்களிலும், ஃபவுண்டரிகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாள்தான் இங்கே கடைக்காரருக்கு வருடப் பிறப்பு. போனஸ் வாங்குகிற தொழிலாளி 40,000 ரூபாய்க்குக் கன்சோல் வாங்கமாட்டார், உண்மை. ஆனால் அந்தப் பணம் துணிக்கடை, பாத்திரக்கடை என்று சுற்றி வரும்போது கடை முதலாளிகளின் பிள்ளைகளுக்குக் கன்சோல் வரும். இன்னொரு காலண்டரும் உண்டு: பரீட்சை. பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பொங்கல் முடிந்து ஏப்ரல் வரை டிவிக்கே துணி போர்த்திவிடுவார்கள். அந்த மாதங்களில் கன்சோல் விற்க வருகிறவரை அம்மாமார்கள் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்து 2020ஐப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் எஸ்ஸும் உலகத்தோடு சேர்த்து இந்தியாவிலும் நவம்பர் 10 அன்று வந்தன. 49,990, 34,990 ரூபாய். நாலு நாளில் தீபாவளி. செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்திருந்ததால் செல்லில் ஆடிய பிள்ளைகளும் கை பரபரக்க உட்கார்ந்திருந்தார்கள். ஊரடங்கு, எல்லோரும் வீட்டில். ஜாதகம் பார்த்து வைத்தாலும் இப்படி ஒரு நாள் அமையாது. ஆனால் பெட்டியோடு வர வேண்டிய பெரிய கேமான 'ஹேலோ'வை ஆகஸ்டிலேயே அடுத்த வருடத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

பிஎஸ்5 அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் நவம்பர் 12 அன்று வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2. தீபாவளி போய், பொங்கலும் போய், பரீட்சைக் காலத்தின் வாசலில். என் கணக்குப்படி படுமோசமான நாள். ஜனவரி 12 அன்று முன்பதிவு திறந்தது, நிமிடங்களில் தீர்ந்தது. அதன் பிறகும் மாதக்கணக்கில், சரக்கு வருகிற நாளெல்லாம் அப்படியே. நடுவில் சூட்கேஸ் சரக்கு அட்டை விலைக்கு வெகுவாக மேலே விற்றது. பிள்ளைகளுக்கு வேண்டியது 'ஸ்பைடர்மேன்', 'காட் ஆஃப் வார்' மாதிரி கேம்கள். அவை அப்போது ஓடியது சோனியின் பெட்டிகளில். நல்ல நாளில் வந்தவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கெட்ட நாளில் வந்தவருக்குக் காத்திருந்தார்கள். அந்த வருடம் பிளஸ் டூ பரீட்சையும் ரத்தானது தனிக் கூத்து.

விலையில் கணிசமான பங்கு டில்லிக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2018 பட்ஜெட்டில் வீடியோ கேம் கன்சோல்களின் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து, 2019 ஜனவரியில்தான் 18க்கு இறங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இலவசமாக இறக்கிக்கொள்ளும் செல்போன் கேம்கள் ஒரு பக்கம், இந்த வரிகள் இன்னொரு பக்கம். கம்பெனிகள் ஒன்றையொன்று பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டிருக்க, கோவையில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் அப்பாவின் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள்.

இந்த மண்டபத்தில் கேம் செய்யக் கிளம்பியிருக்கும் பொறியியல் மாணவர்கள் சிலர் இருப்பதாக அவைத்தலைவர் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனி எந்த மாதம் வருகிறது என்று பார்த்து உங்கள் நாளைக் குறிக்காதீர்கள். கேம் முடிந்ததா, ஆடிப் பார்த்தவர்கள் மறுநாளும் ஆடினார்களா, முழுப் பரீட்சை முடிந்துவிட்டதா, இவ்வளவு பாருங்கள். புனேயில் நோடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழு 2020 ஆகஸ்டில் 'ராஜி' என்ற கேமை முதலில் ஸ்விட்சில் வெளியிட்டது. மற்ற பெட்டிகளுக்கு அக்டோபரில் கொண்டுபோனது, பிஎஸ்5 வரும்வரை காத்திருக்கவில்லை.

கடைசியாக ஒரு தேதி. 'பிஎஸ்5 ப்ரோ' 2024 நவம்பர் 7 அன்று வெளிநாடுகளில் கடைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எதிராளிக்குப் பயந்தோ, தீபாவளியைத் தவறவிட்டோ அல்ல. அந்தப் பெட்டியின் வை-ஃபை 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. அதற்கு அப்போது நம் நாட்டில் அனுமதி இல்லை. சோனியே சொன்ன காரணம் அதுதான்.